ஹைபிரிட் கார் உயிர் பிடிக்கவில்லையா? முதலில் சின்ன பேட்டரியைப் பாருங்கள்!

பீடோங் கடைத்தெருவிலும், செமிலிங் சாலையிலும், சுங்கைப் பட்டாணி வீடமைப்புப் பகுதிகளிலும் இன்று பழைய ஹைபிரிட் கார்களைச் சாதாரணமாகப் பார்க்க முடிகிறது. டொயோட்டா பிரியஸ், பிரியஸ் சி, ஹோண்டா இன்சைட், ஜாஸ் ஹைபிரிட் என்று பல வகை. புதிதாக வாங்கியவர் விற்று, அவரிடம் வாங்கியவரும் விற்று, இப்போது மூன்றாவது கைக்கு வந்திருக்கும் கார்களும் இவற்றில் உண்டு. பெட்ரோல் செலவு குறையும் என்ற நம்பிக்கையில், தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்திற்கும், பட்டணத்திலிருந்து பிறை, கூலிம் தொழிற்சாலைகளுக்கும் நாள்தோறும் ஓடும் நம்மவர்கள் இந்தக் கார்களை விரும்பி வாங்குகிறார்கள்.

வாங்கும்போது எல்லோர் மனத்திலும் ஒரே ஒரு பயம்தான் இருக்கிறது. "பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது?"

ஒரு நாள் காலையில் அந்தப் பயம் உண்மையாகிவிட்டது போலத் தோன்றும். கதவைத் திறக்கச் சாவியின் பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. எப்படியோ உள்ளே ஏறி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் டேஷ்போர்டில் விளக்குகள் மங்கலாக மின்னி அடங்குகின்றன. அல்லது இருக்கிற எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிகின்றன. வேலைக்கு நேரமாகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு நேரமாகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஹைபிரிட் பேட்டரி போயிடுச்சு போல. பல ஆயிரம் ஆகுமே!" என்கிறார். அந்த ஒரு வார்த்தையில் குடும்பமே கலங்கிப் போகிறது. சிலர் காரையே வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் ஒரு முக்கியமான செய்தியை எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டும். ஹைபிரிட் காரில் இருப்பது ஒரு பேட்டரி அல்ல, இரண்டு பேட்டரிகள். காலையில் கார் அடியோடு உயிர் பிடிக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெரிய பேட்டரியை அல்ல, சின்ன பேட்டரியை. பெரியதற்குச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகலாம். சின்னதற்குச் சில நூறு ரிங்கிட்தான். இந்த வேறுபாடு தெரியாததால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரைந்துவிடக் கூடும்.

இந்தக் கார்கள் எப்படி வந்தன?

உலகில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார் டொயோட்டா பிரியஸ். 1997 டிசம்பரில் ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் ஹைபிரிட் கார் சாதாரண மக்களின் கைக்கு எட்டியது 2011 ஆம் ஆண்டில்தான். 2000 சிசிக்குக் குறைந்த ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியிலிருந்தும் கலால் வரியிலிருந்தும் அரசாங்கம் முழு விலக்கு அளித்தது. முதலில் ஓராண்டுக்கு என்று அறிவிக்கப்பட்ட அந்தச் சலுகை, பின்னர் 2013 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அதனால் இன்சைட், பிரியஸ் சி, ஜாஸ் ஹைபிரிட் போன்ற கார்கள் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கும் குறைந்த விலையில் கிடைத்தன. பலரும் வாங்கினார்கள்.

அந்த மூன்றாண்டுகளில் சாலைக்கு வந்த கார்கள் இன்று பத்து வயதைத் தாண்டிவிட்டன. பத்து வயதுக் கார் என்றால் விலை குறையும். விலை குறைந்தால் நம் போன்றவர்கள் வாங்குவோம். ஆனால் காரோடு கூட அதைப் பற்றிய விவரமும் கைமாறுவதில்லை. உரிமையாளர் கையேடு முதல் உரிமையாளரின் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. அதன் பலன்தான் இன்று நாம் காணும் குழப்பம்.

இரண்டு பேட்டரி, இரண்டு வேலை

பெரிய பேட்டரியின் வேலை காரை ஓட்டுவது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் அது 201.6 வோல்ட் அழுத்தம் கொண்டது. பிரியஸ் சி காரில் 144 வோல்ட். இன்சைட்டிலும் ஜாஸ் ஹைபிரிட்டிலும் 100.8 வோல்ட். இவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையைச் சேர்ந்தவை. காரின் பின்பகுதியில் உலோகப் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து புறப்படும் கேபிள்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அந்த நிறமே ஓர் எச்சரிக்கை. பயிற்சி பெற்றவர் தவிர வேறு யாரும் அவற்றைத் தொடக் கூடாது.

சின்ன பேட்டரி 12 வோல்ட். மற்ற கார்களில் இருக்கும் அதே ஈய அமில பேட்டரியின் தம்பி என்று சொல்லலாம். விளக்கு, வானொலி, கதவுப் பூட்டு, ஜன்னல், எல்லாவற்றுக்கும் மேலாகக் காரின் கணினிகள், இவற்றுக்கெல்லாம் மின்சாரம் கொடுப்பது இதுதான்.

"பெரிய பேட்டரியில் அவ்வளவு மின்சாரம் இருக்கும்போது, சின்னது செத்தால் என்ன? பெரியதிலிருந்து எடுத்துக் கொள்ளக் கூடாதா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

கார் நிறுத்தப்பட்டிருக்கும் நேரத்தில், பாதுகாப்புக் கருதி, பெரிய பேட்டரியைக் காரின் மற்றப் பகுதிகளிலிருந்து முழுவதுமாகத் துண்டித்து வைக்கிறார்கள். விபத்து நேர்ந்தாலும், யாராவது கை வைத்தாலும் உயர் அழுத்த மின்சாரம் வெளியே வரக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. துண்டித்து வைத்ததை மீண்டும் இணைப்பது ரிலே எனப்படும் பெரிய சுவிட்சுகள். அந்தச் சுவிட்சுகளை இழுத்து மூடுவதற்கும், மூடலாமா கூடாதா என்று கணினி முடிவு செய்வதற்கும் வேண்டிய மின்சாரம் சின்ன பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும்.

வீட்டு வாசலில் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறது. ஆனால் குழாயைத் திறக்கும் கைப்பிடி உடைந்துவிட்டது. தொட்டி நிறைந்து என்ன பயன்? அதே கதைதான் இங்கும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஹைபிரிட் காருக்கு அந்த அச்சாணி 12 வோல்ட் பேட்டரி.

மற்றக் கார்களில் பேட்டரி பலவீனமானால், ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் மெதுவாகச் சுழன்று முன்கூட்டியே எச்சரிக்கை செய்யும். பிரியஸில் அந்த எச்சரிக்கை கிடையாது. அதில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் இயங்கும் மோட்டார். சின்ன பேட்டரி கணினியை எழுப்பி, ரிலேயை மூடினால் போதும். அந்தச் சிறு வேலைக்குத் தேவையான தெம்பு இருக்கும் வரை கார் எந்தக் குறையும் இல்லாதது போல ஓடும். தெம்பு தீர்ந்த அன்று திடீரென நின்றுவிடும். நேற்று வரை நன்றாக ஓடிய கார் இன்று எழவில்லையே என்று மக்கள் திகைப்பதற்கு இதுவே காரணம்.

ஏன் சாகிறது?

முதல் காரணம் வெப்பம். கெடாவின் வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் காருக்குள் சூடு கடுமையாக ஏறும். சூடு ஏற ஏற பேட்டரியின் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் விரைவாக அரிக்கப்படுகின்றன. குளிர் நாடுகளில் நெடுங்காலம் உழைக்கும் பேட்டரி இங்கே இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் தளர்ந்துவிடுவது இயல்பு.

இரண்டாவது காரணம் சும்மா நிற்பது. சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவது கார் 'ரெடி' நிலையில் இருக்கும்போது மட்டுமே. டேஷ்போர்டில் 'ரெடி' என்ற விளக்கு எரிந்தால்தான் பெரிய பேட்டரியின் மின்சாரம் குறைக்கப்பட்டு சின்னதற்குப் போகும். நிறுத்தி வைத்த காரில் அலாரம், கடிகாரம், சாவியைத் தேடும் கருவி ஆகியவை சிறிது சிறிதாக மின்சாரத்தை உறிஞ்சிக் கொண்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிற்கும் கார் 30 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி. முப்பது நாளில் 21.6 ஆம்பியர் மணி. புதிய 45 ஆம்பியர் மணி பேட்டரியில் இது ஏறத்தாழப் பாதி. வயதான பேட்டரியில் மிஞ்சியிருப்பதே 15 ஆம்பியர் மணிதான் என்றால் மூன்று வாரத்தில் காலி. 2020 மார்ச் 18 ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து கார்கள் வாரக்கணக்கில் வீட்டு வாசலில் நின்றபோது, எத்தனையோ வீடுகளில் பேட்டரி செத்துக் கிடந்ததற்கு இந்தக் கணக்கே விளக்கம்.

மூன்றாவது காரணம் நம் பழக்கம். பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் வானொலி பாடும், விளக்கு எரியும். ஆனால் கார் 'ரெடி' ஆகாது. பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது இப்படிப் பாட்டுக் கேட்டால், கேட்கும் ஒவ்வொரு பாட்டும் சின்ன பேட்டரியின் கணக்கில்தான் எழுதப்படும். பின்னால் பொருத்திய கேமரா, கூடுதல் விளக்கு, மூட மறந்த கதவு ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

பெரியதா, சின்னதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சாவிப் பொத்தானுக்குக் கதவு திறக்கவில்லை, உள்விளக்கு மங்கலாக எரிகிறது, டேஷ்போர்டு மின்னி அணைகிறது, ரிலேக்கள் டக் டக் என்று அடித்துக் கொள்கின்றன, 'ரெடி' விளக்கு வரவில்லை. இவை பெரும்பாலும் சின்ன பேட்டரியின் அறிகுறிகள்.

விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, கார் 'ரெடி' ஆகிறது, ஓடுகிறது. ஆனால் இழுவை குறைகிறது, பேட்டரி அளவுகாட்டி அடிக்கடி மேலும் கீழும் தாவுகிறது, பின்பக்கக் காற்றாடி ஓயாமல் இரைகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்றால் பெரிய பேட்டரியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சந்தேகம் தீர மல்டிமீட்டர் ஒன்று போதும். வன்பொருள் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த காரில் 12.6 வோல்ட் அல்லது சற்று அதிகம் காட்டினால் சார்ஜ் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்கும் கீழே என்றால் சார்ஜ் தீரும் நிலை. கார் 'ரெடி' ஆன பிறகு 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால், சார்ஜ் ஏற்றும் பகுதி நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரியும் சுமை ஏற்றியதும் படுத்துவிடலாம். அதனால் பேட்டரி கடையில் சுமைச் சோதனையும் செய்து கொள்வது நல்லது.

பட்டறையில் கணினிக் கருவியை மாட்டிப் பார்த்து, 'பி0ஏ80' என்ற குறியீடு வந்திருக்கிறது, ஆகவே பெரிய பேட்டரியை மாற்ற வேண்டும் என்று சொல்லக் கூடும். அந்தக் குறியீட்டின் பொருள் அதுதான். ஆனால் 12 வோல்ட் தாழ்ந்துவிட்டால் காரின் கணினிகள் குழம்பி, சம்பந்தமில்லாத குறியீடுகளை எல்லாம் வரிசையாகப் பதிவு செய்யும். ஆகவே முறை என்னவென்றால், முதலில் சின்ன பேட்டரியைச் சரி செய்ய வேண்டும். பிறகு குறியீடுகளை அழிக்க வேண்டும். பிறகு சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதே குறியீடு திரும்ப வந்தால் மட்டுமே பெரிய பேட்டரியின் பக்கம் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. இந்த வரிசையில்தான் நம் பணம் இருக்கிறது.

நின்றுபோன காரைத் தட்டி எழுப்புவது

சின்ன பேட்டரி செத்த காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கிளட்ச் உள்ள பழைய கார்களின் பழக்கம் இதில் செல்லாது. தாமானில் உள்ள இளைஞர்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினாலும் பயனில்லை. மூன்றாம் தலைமுறை பிரியஸில் மின்சாரம் இல்லாமல் 'பி' நிலையிலிருந்து கியரே விடுபடாது. இழுத்துச் செல்ல வேண்டுமென்றால் காரை மேலே ஏற்றிச் செல்லும் லாரியே சரி.

கதவைத் திறப்பது எப்படி? சாவிக் கருவிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. பக்கவாட்டில் உள்ள சின்னக் கொக்கியைத் தள்ளி இழுத்தால் வெளியே வரும். அதைக் கொண்டு ஓட்டுநர் கதவைத் திறக்கலாம்.

மூன்றாம் தலைமுறை பிரியஸில் பேட்டரி பின்புறச் சாமான் பகுதியில், வலது மூலையில் இருக்கிறது. ஆனால் பின்கதவு மின்சாரத்தால் திறப்பது. பேட்டரி செத்தால் பின்கதவு திறக்காது. பின்கதவு திறக்காவிட்டால் பேட்டரியை எட்ட முடியாது! இதற்கென்றே முன்புறப் போனட்டின் கீழ், ஃபியூஸ் பெட்டிக்குள், சிவப்பு மூடி போட்ட ஒரு முனையை வைத்திருக்கிறார்கள். பிரியஸ் சி காரில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருந்தாலும், உதவி மின்சாரம் கொடுக்கும் முனை முன்புறம்தான்.

ஜம்பர் கேபிளை மாட்டும் வரிசை முக்கியம். சிவப்புக் கேபிளின் ஒரு முனையைச் சிவப்பு மூடிக்குள் இருக்கும் பாசிட்டிவ் முனையில் மாட்ட வேண்டும். மறுமுனையை உதவிக் காரின் பாசிட்டிவில் மாட்ட வேண்டும். பிறகு கறுப்புக் கேபிளை உதவிக் காரின் நெகட்டிவில் மாட்டி, அதன் மறுமுனையை ஹைபிரிட் காரின் எஞ்சின் பகுதியில் சாயம் பூசாத கெட்டியான உலோகத்தில் மாட்ட வேண்டும். உதவிக் காரின் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஹைபிரிட் காரில் பிரேக்கை மிதித்தபடி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் 'ரெடி' விளக்கு எரியும். கேபிள்களைக் கழற்றும்போது மாட்டியதற்கு நேர் எதிரான வரிசை.

சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டிவிடக் கூடாது. சாதாரணக் காரில் இந்தத் தவறு ஒரு ஃபியூஸோடு போகலாம். ஹைபிரிட் காரில் உயர் அழுத்த மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் பகுதியே சேதமடையக் கூடும். சில நூறில் முடிய வேண்டிய செலவு சில ஆயிரத்திற்குப் போய் நிற்கும். இருட்டில், மழையில், அவசரத்தில் மாட்டுவதை விட, கைத்தொலைபேசி விளக்கை அடித்து இரண்டு முறை சரிபார்ப்பது மேல். உதவி வாங்க ஹைபிரிட் காரைப் பயன்படுத்தலாமே தவிர, இன்னொரு காருக்கு உதவி கொடுக்க அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு.

கார் எழுந்துவிட்டால், வழியில் நிறுத்தாமல் நேரே பேட்டரி கடைக்குப் போய்விட வேண்டும். ஒரு முறை அடியோடு செத்த பழைய பேட்டரியை நம்பி மறுநாள் வேலைக்குக் கிளம்ப முடியாது.

புதியது வாங்கும்போது

எல்லா 12 வோல்ட் பேட்டரியும் ஒன்றல்ல. எஞ்சின் பகுதியில் வைக்கப்படும் சாதாரண பேட்டரி வாயுவை வெளியேற்றும். திறந்த இடம் என்பதால் அங்கே ஆபத்து குறைவு. ஆனால் பிரியஸிலும் பிரியஸ் சி காரிலும் பேட்டரி மனிதர்கள் உட்காரும் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. ஹைட்ரஜன் வாயு காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றக் கூடியது. அதனால்தான் அங்கே 'ஏஜிஎம்' எனப்படும் மூடிய வகை பேட்டரியை வைத்து, வாயு வெளியேறச் சின்ன ரப்பர் குழாய் ஒன்றையும் காருக்கு வெளியே விட்டிருக்கிறார்கள். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை அங்கே பொருத்துவது, பின் இருக்கையில் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுச் செய்யக் கூடிய சிக்கனம் அல்ல.

மூன்றாம் தலைமுறை பிரியஸில் வரும் பேட்டரியின் மேல் 'எஸ்46பி24ஆர்' என்று எழுதியிருக்கும். இதில் 24 என்பது நீளம், சென்டிமீட்டரில். கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. அந்த எழுத்து மாறினால் கேபிள் எட்டாமல் போகலாம், அல்லது தலைகீழாக மாட்டிவிடும் ஆபத்து வரலாம். பழைய பேட்டரியின் எழுத்துகளைப் படம் பிடித்துக் கடைக்குக் கொண்டு போவது சுலபமான வழி. முனைகளின் தடிமனும் பொருந்த வேண்டும்.

மாற்றும் முறை

வேலை என்னவோ அரை மணி நேரம்தான். தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, 'பி' நிலையில் வைத்து, முழுவதுமாக அணைக்க வேண்டும். சாவியைக் காரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பின்கதவை முன்பே திறந்து, வேலை முடியும் வரை மூடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்து, முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்ற வேண்டும். அடுத்து பாசிட்டிவ். அதன் பிறகு பிடிப்புக் கம்பியையும் வாயுக் குழாயையும் விடுவித்து, பேட்டரியை நேராகத் தூக்க வேண்டும்.

புதியதை வைத்து, பிடிப்புக் கம்பியை இறுக்கி, வாயுக் குழாயை மறக்காமல் மாட்ட வேண்டும். இந்த முறை பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில் என்பதை மனப்பாடமாக வைத்துக் கொள்ளலாம். ஸ்பேனர் தவறிக் காரின் உலோகத்தில் பட்டாலும் தீப்பொறி பறக்காமல் காப்பது இந்த வரிசைதான். கையில் மோதிரமோ உலோகக் கைச்சங்கிலியோ இருந்தால் முதலில் கழற்றி வைப்பது அவசியம்.

வேலை முடிந்ததும் கடிகாரம், வானொலி நிலையங்கள், தானியங்கி ஜன்னல் ஆகியவற்றை மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும். முதல் சில நிமிடங்கள் ஓரிரு எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, ஓட ஓட அணையலாம். அணையாமல் நின்றால் பட்டறையில் காட்ட வேண்டும்.

ஹோண்டா இன்சைட், ஜாஸ் ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அவற்றில் 12 வோல்ட் பேட்டரி மற்றக் கார்களைப் போலவே போனட்டின் கீழ் இருக்கிறது. ஆனால் விதி ஒன்றுதான். அது செத்தால் கார் எழாது.

நம் கெடாவிலேயே, கூலிமில் உள்ள இனோகோம் ஆலையில் பொருத்தப்பட்டு 2016 முதல் விற்பனைக்கு வந்த ஹியுண்டாய் அயோனிக் ஹைபிரிட் இன்னொரு வகை. அந்த வடிவமைப்பில் 12 வோல்ட் பகுதி லித்தியம் வகையாகப் பெரிய பேட்டரியோடு இணைத்து வைக்கப்பட்டு, அது இறங்கிவிட்டால் மீண்டும் எழுப்ப ஒரு பொத்தானும் தரப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட காரில் ஈய அமில பேட்டரியைக் கொண்டுவந்து பொருத்த முயலக் கூடாது. எந்தக் காராக இருந்தாலும் உரிமையாளர் கையேட்டை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது. கையேடு காணாமல் போயிருந்தால் தயாரிப்பு நிறுவனங்களின் இணையத் தளங்களில் தேடலாம்.

பழையதை என்ன செய்வது?

செத்த பேட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் வாழை மரத்தடியில் போட்டு வைத்தால் மண்ணும் கெடும், கிணறும் கெடும், அங்கே விளையாடும் குழந்தையின் உடம்பும் கெடும். 2005 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர (அட்டவணைக் கழிவுகள்) விதிமுறைகளின் கீழ் ஈய அமில பேட்டரி, 'எஸ்டபிள்யூ 102' என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம். பல கடைகள் அதற்கு ஈடாக விலையில் கொஞ்சம் குறைத்தும் கொடுக்கின்றன.

வருமுன் காப்போம்

வாரத்தில் இரண்டு நாளாவது காரை எடுத்து அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். முடியாதவர்கள் 'ரெடி' நிலையில் வைத்திருக்கலாம். ஆனால் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கும் என்பதால் மூடிய போர்ட்டிக்கோவில் அப்படிச் செய்யக் கூடாது. நச்சுப் புகை வீட்டுக்குள் நுழையும். வெளியூர் போகிறவர்கள் சாவியைக் காரின் அருகில் தொங்கவிடாமல் தள்ளி வைக்க வேண்டும். பேட்டரி மாற்றிய தேதியை ஒரு காகிதத்தில் எழுதி அதன் மேலேயே ஒட்டி வைக்கலாம். மூன்றாவது ஆண்டிலிருந்து ஆறு மாதத்திற்கு ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும். பின் இருக்கையின் ஓரத்தில் பெரிய பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் இருந்தால், அதைத் துணி மூட்டையாலோ பிள்ளைகளின் புத்தகப் பையாலோ அடைத்துவிடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். சின்னதைக் காப்பாற்றும்போது பெரியதையும் மறந்துவிடக் கூடாது அல்லவா?

இந்த அறிவு பழைய ஹைபிரிட் காரோடு முடிந்துவிடுவதும் இல்லை. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7ஐ அறிமுகப்படுத்தியது. மின்சாரக் கார்களிலும் விளக்கையும் கணினியையும் ரிலேயையும் உயிர்ப்பிக்க ஒரு தாழ்அழுத்த பேட்டரி இருக்கத்தான் செய்கிறது. நாளை நம் பிள்ளைகள் ஓட்டப் போகும் காருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

பணம் உள்ளவருக்கு ஒரு கார் நின்றால் இன்னொரு கார் இருக்கும். தோட்டத்திலிருந்து வந்து, மாதத் தவணை கட்டி, ஒரே ஒரு காரை வைத்துக் குடும்பத்தை ஓட்டுபவருக்கு அப்படி இல்லை. அந்தக் கார் நின்றால் வேலை நிற்கும், பிள்ளையின் டியூஷன் நிற்கும், வயதான தாயாரின் மருத்துவமனைப் பயணம் நிற்கும். அந்த நேரத்தில் பதற்றத்தோடு பட்டறைக்குப் போகிறவர் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவார்.

அதனால் பட்டறையில் மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டாம். "12 வோல்ட் பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது?" "சுமை ஏற்றிச் சோதித்தீர்களா?" "அதைச் சரி செய்து, குறியீட்டை அழித்த பிறகும் அதே பிரச்சினை வருகிறதா?" நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார், மீட்டரை எடுத்துக் காட்டியே பதில் சொல்வார். மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பெரிய பேட்டரிக்குப் பணம் கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். அதுவரை பர்ஸைத் திறக்க வேண்டாம்.